அசல் தாய்லாந்து உணவா இது? பக்கத்துத் தெரு உணவகத்தை எடைபோடுவது எப்படி

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பெரிய நகரம் ஒன்றுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள் தாய்லாந்து, வியட்நாம், லெபனான், மெக்சிகோ, எத்தியோப்பியா என்று பத்துப் பன்னிரண்டு மேசை போட்ட சின்னச் சின்ன உணவகங்கள். எந்தத் தாய் கடைக்குப் போனாலும் ஒரே மெனு, எந்த லெபனான் கடைக்குப் போனாலும் ஒரே மெனு. இதெல்லாம் அசல்தானா, அல்லது வெளியாட்களுக்கென்று இனிப்பைக் கூட்டி, காரத்தைக் குறைத்துத் தலையில் கட்டுகிறார்களா, அசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த நாட்டில் சாப்பிடுவது போலவே இங்கேயும் இருக்கிறதா என்பது ஒன்று. கொடுக்கிற காசுக்கு நல்ல சாப்பாடு கிடைக்குமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் பெரும்பாலும் 'இல்லை'. அதனால் குடி ஒன்றும் முழுகிவிடாது. இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் கவனித்துப் பார்க்கும் வேலை இருக்கிறது.

என் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். பல வருடங்கள் இந்த மாதிரிச் சின்ன உணவகங்களின் சமையலறையில் நின்றிருக்கிறேன். முதலில் காய் நறுக்கினேன், அப்புறம் அடுப்புக்கு வந்தேன். இப்போது புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு மெனு அமைத்து, கொள்முதல் கணக்குப் போட்டுக் கொடுப்பது தொழில். தாய், சீனச் சமையல்களிலும், 'கறி ஹவுஸ்' என்கிற பிரிட்டனின் 'இந்தியன்' கடைச் சமையலிலும் கை பழகியிருக்கிறது. சுஷியும் எத்தியோப்பியச் சமையலும் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. அவற்றைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் எல்லாக் கடையிலும் ஒரே மெனு? சமையல்காரரின் சோம்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. காரணம் அதைவிடப் பெரியது. 2002-ல் தாய்லாந்து அரசு 'குளோபல் தாய்' என்று ஒரு திட்டமே தொடங்கியது. அப்போது உலகம் முழுக்க இருந்த சுமார் 5,500 தாய் உணவகங்களை 8,000 ஆக்குவது நோக்கம். சமையல்காரர்களுக்குப் பயிற்சி, வெளிநாட்டில் கடை தொடங்கக் கடன், பிறகு 'தாய் செலக்ட்' என்ற தரமுத்திரை என்று பல வழிகளில் உதவி வந்தது. பாட் தாய், பச்சைக் கறி, டாம் யம் என்று எந்த நகரத்திலும் அதே வரிசை இருப்பதில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது, அந்த வரிசை அதற்கு முன்பே வெளிநாடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், பாட் தாய் தாய்லாந்திலேயே அரசாங்கம் வளர்த்துவிட்ட உணவு. 1930களின் கடைசியிலும் 40களிலும் பிரதமர் பிபுன் சோங்க்ராமின் ஆட்சி அதைத் தேசிய அடையாளமாக மக்களிடம் பரப்பியது. பழமையான அசல் என்று நாம் தேடிப் போகும் தட்டுக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை.

அமெரிக்காவின் சீன உணவகங்களுக்குப் பின்னால் குடியேற்றச் சட்டம் இருக்கிறது. 1882-ல் வந்த தடைச் சட்டம் சீனத் தொழிலாளர்களை உள்ளே விடவில்லை. வணிகர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. உணவகம் நடத்துபவரும் வணிகர்தான் என்று 1915-ல் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும், உணவகம் போடுவது சொந்த ஊருக்குப் போய்வரவும் உறவினரைக் கூட்டிவரவும் ஒரு வழியானது. அப்படிப் போட்ட கடைகளில் பலருக்குச் சமையல் பரம்பரைத் தொழில் அல்ல, பிழைப்பு. வாசலில் நிற்கிறவருக்கு எது பிடிக்குமோ அது மெனுவில் ஏறியது. பிரிட்டனில் 'இந்தியன்' என்று பலகை மாட்டிய கடைகளில் பெரும்பகுதியை நடத்தியவர்கள் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதிக்காரர்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டது ஒன்று, கடையில் விற்றது இன்னொன்று. சிக்கன் டிக்கா மசாலா முதன்முதலில் எங்கே பிறந்தது என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. கிளாஸ்கோ கதை பிரபலம், நிரூபணம் இல்லை. ஆனால் 2001-ல் அன்றைய பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் அதை உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்று மேடையில் சொன்னது பதிவில் இருக்கிறது.

இதோடு தொழிலுக்குள் நடக்கும் ஒரு விஷயமும் சேர்கிறது, இதை நான் கண்ணால் பார்த்தே சொல்கிறேன். ஒரு கடையில் வேலை கற்றவர் சில வருடம் கழித்துத் தனிக்கடை போடும்போது கையில் இருப்பது பழைய முதலாளியின் மெனுதான். அதே மொத்த வியாபாரியின் வண்டிதான் அந்தத் தெருவில் உள்ள எல்லாக் கடைக்கும் தேங்காய்ப்பால் டின்னும் கறி விழுதும் இறக்குகிறது. புதிதாக ஏதாவது வைத்துப் பார்க்கலாம் என்றால், வாங்கிய பொருள் விற்காமல் கெட்டால் அந்த நஷ்டத்தைத் தாங்கும் தெம்பு சின்னக் கடைக்குக் கிடையாது.

பொருள் கிடைப்பதும் கிடைக்காததும் ருசியை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் சீனாவின் சிச்சுவான் மாகாணத்து மிளகு. வாயை மரத்துப்போகச் செய்யும் அந்த மிளகு இல்லாமல், அந்த மாகாணத்தின் காரமான டோஃபு பதார்த்தமான மாப்போ டோஃபு கிடையாது. எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் ஒரு நோய் அதோடு சேர்ந்து வந்துவிடும் என்று அமெரிக்கா 1968-ல் இறக்குமதியைத் தடை செய்தது. சூடுபடுத்திப் பதப்படுத்தினால் போதும் என்று 2005-ல்தான் தளர்த்தியது. இடையில் அங்கே சிச்சுவான் சமையல் சாப்பிட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அதன் முக்கியமான உணர்வு சரியாகத் தெரியாமலே போயிருக்கும். எத்தியோப்பியக் கடைகளில் இன்ஜெராவுக்கும் இதே கதிதான். அதை டெஃப் என்ற பொடித் தானியத்து மாவைப் புளிக்கவைத்துச் சுட வேண்டும். எத்தியோப்பிய அரசு 2006-ல் டெஃப் ஏற்றுமதியைத் தடுத்தது, பிறகு ஓரளவே தளர்த்தியது, மற்ற நாடுகளில் விளைவது குறைவு, விலையும் கூட. அதனால் வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் கோதுமையோ பார்லியோ கலந்தே சுடுகிறார்கள். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். கலந்திருக்கிறதா என்று கேட்டால் உண்மையைச் சொல்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அசல் என்ற பேச்சு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காமல் போனதற்கு அந்த நட்டுவைத்த இறைச்சிக் கம்பி ஒரு காரணம். துருக்கியில் டோனர், அரபு நாடுகளில் ஷவர்மா. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் லெபனான் பக்கத்திலிருந்து மெக்சிகோவின் புவெப்லா நகரத்துக்குப் போனவர்கள் அந்தக் கம்பியை அங்கே கொண்டுபோனார்கள். ஆட்டிறைச்சி பன்றி இறைச்சியானது, ரொட்டி சோள டார்ட்டியாவானது, மேலே அன்னாசி ஏறியது. அதுதான் டாகோ அல் பாஸ்டர். ஜெர்மனி 1961-ல் துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. போனவர்கள் பெர்லினில் அதே இறைச்சியை ரொட்டிக்குள் சாலடும் சாஸும் சேர்த்துக் கையில் பிடித்துச் சாப்பிடும்படி விற்றார்கள். 1972-ல் காதிர் நூர்மான் என்பவர்தான் முதலில் செய்தார் என்பார்கள், அதற்குப் போட்டியாக வேறு பெயர்களும் உண்டு. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் அதற்குப் பூண்டும் வினிகரும் சர்க்கரையும் போட்டுக் கெட்டிப்பாலில் செய்த இனிப்பு சாஸ் ஊற்றுகிறார்கள். முதன்முறை கேட்டபோது எனக்கும் முகம் சுளித்தது. ஆனால் அந்த ஊர்க்காரருக்கு அதுதான் அசல், நகர சபையே அதைத் தங்கள் அதிகாரபூர்வ உணவாக அறிவித்திருக்கிறது. இதில் எதை வைத்து எதைப் போலி என்பீர்கள்?

வியட்நாம் ஃபோவும் அப்படித்தான். அது வடக்கில் பிறந்த சூப். 1954-ல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கே போனவர்களோடு பரவி, அங்கே துளசி வகை இலைகள், முளைப்பயறு, இனிப்பான ஹோய்சின் சாஸ் எல்லாம் பக்கத்தில் வைத்துத் தரும் வழக்கத்தோடு கலந்தது. 1975-க்குப் பிறகு உலகம் முழுக்கச் சிதறிய அகதிகளில் பெரும்பாலோர் தெற்குக்காரர்கள். அதனால் வெளிநாட்டில் நீங்கள் சாப்பிடும் ஃபோ பெரும்பாலும் தெற்கு மாதிரி. வடக்கே ஹனோயில் வளர்ந்தவர் ஒருவர் உங்கள் தெருக் கடையை 'இதெல்லாம் ஃபோவே இல்லை' என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை.

சரி, அசலை விட்டுவிட்டால் எதை வைத்து எடைபோடுவது? அந்தச் சமையலறை தினமும் எதைச் செய்கிறது என்று பாருங்கள் என்பேன். கறி ஹவுஸ் வகைச் சமையலறை ஒன்றை உள்ளே இருந்து காட்டுகிறேன். காலையில் முதல் வேலை, வெங்காயம் மூட்டைக் கணக்கில் உரித்து, ஆளுயரத்தில் பாதி இருக்கும் பானையில் கொஞ்சம் இஞ்சி, பூண்டு, கேரட், தக்காளியோடு வேகவைத்து அரைப்பது. இதுதான் பேஸ் கிரேவி. தனியாகச் சாப்பிட்டால் சப்பென்று இருக்கும். கோழியும் ஆட்டிறைச்சியும் முக்கால் பதத்தில் வெந்து தனித்தனித் தட்டில் கிடக்கும். மாலை ஏழு மணிக்கு ஆர்டர் சீட்டுகள் வரிசையாக வரத் தொடங்கியதும் அடுப்படியில் இருப்பவர் வாணலியில் எண்ணெய், பூண்டு விழுது, ஒரு கரண்டி கலவைப் பொடி, தக்காளி விழுது போட்டு, அது ஓரத்தில் ஒட்டிக் கொஞ்சம் கருகும் வரை விட்டு, மேலே பேஸ் கிரேவியை ஊற்றுவார். க்ரீம் போனால் கோர்மா, மிளகாய்ப்பொடி போனால் மட்ராஸ், இன்னும் போனால் விந்தாலு. ஒரு தட்டுக்கு ஆறேழு நிமிடம். எண்பது வகை கறி போட்ட மெனு இப்படித்தான் இரண்டே ஆட்களால் ஓடுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தப் பொடி கருகும் தருணத்தைச் சரியாகப் பிடிப்பது பெரிய கைத்திறன். ஆனால் அங்கே போய் எட்டு மணி நேரம் கொதித்த எலும்புக் குழம்பை எதிர்பார்த்தால் தவறு நம் மேல்தான்.

ஆகவே மெனுவைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது, அதில் எதெல்லாம் ஒரே அடிப்படையிலிருந்து பிறக்க முடியும், எதற்குத் தனியாக அடுப்போ ஆளோ நேரமோ வேண்டும் என்பது. வோக் எனும் வளைந்த சீன வாணலிக்கான அடுப்பு இரண்டு உள்ள தாய்க் கடையில் வறுத்த நூடுல்ஸ், சோறு, கீரை எல்லாம் நன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம், வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு பலமான தீ. அதே மெனுவில் சுஷியும் ஜப்பானிய ராமென் நூடுல்ஸ் சூப்பும் கொரியன் பார்பிக்யூவும் சேர்ந்திருந்தால் அவற்றில் எதற்கோ பாக்கெட் பிரிக்கிறார்கள் என்று அர்த்தம். மெனு நீளமாக இருப்பது மட்டும் குற்றமில்லை, சீனக் கடையில் இருநூறு வரிசை எண் சாதாரணம். பத்துப் பொருளை மாற்றி மாற்றிச் சேர்த்தாலே அது வந்துவிடும். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வேலைகள் ஒரே சின்னச் சமையலறையில் இருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை.

இதற்கு நேர்மாறாக, ஒரு கடை தினமும் பெரிய அளவில் செய்தே ஆகவேண்டிய பொருள் ஏதாவது இருந்தால் அதையே வாங்குங்கள். ஃபோ கடையில் சூப், எத்தியோப்பியக் கடையில் இன்ஜெரா, மெக்சிகன் கடையில் டார்ட்டியாவை அங்கேயே தட்டிச் சுட்டால் டாகோ, லெபனான் கடையில் ஹமுஸும் ஃபலாஃபலும். கம்பி இறைச்சிக் கடைக்குப் போனால் ஒரு நிமிடம் கண்ணாடிக்கு வெளியே நின்று கம்பியைப் பாருங்கள். துண்டு துண்டாக அடுக்கிய இறைச்சியில் அடுக்குகள் கண்ணுக்குத் தெரியும். கொத்துக்கறியைப் பிசைந்து உருட்டியது வழவழவென்று ஒரே தூண் மாதிரி இருக்கும். இரண்டும் செல்லும், ஜெர்மனியில் டோனர் என்று விற்பதில் கொத்துக்கறி 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று விதிமுறையே இருக்கிறது. அதைவிட முக்கியம் வெட்டுகிற ஆளின் கை. வெளிப்பக்கம் சிவந்து மொறுமொறுத்த பிறகு மெல்லிசாகச் சீவுகிறவர் நல்லவர். கூட்டம் வந்துவிட்டதென்று வெளுத்த இறைச்சியையே வெட்டித் தட்டில் போட்டால், ருசியும் இருக்காது, உள்ளே சரியாக வெந்ததா என்பதும் சந்தேகம். கூட்டமே இல்லாத கடையில் பெரிய கம்பி சுற்றிக்கொண்டிருந்தால் அது எத்தனை மணி நேரமாகச் சுற்றுகிறது என்று யோசியுங்கள்.

அந்த நாட்டுக்காரர்களே அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் கடை நல்ல கடை என்று ஒரு பேச்சு உண்டு. இதை அரைமனதோடுதான் ஒப்புக்கொள்வேன். அவர்கள் வருவது ருசிக்காக இருக்கலாம், மலிவு என்பதாலும் இருக்கலாம், சொந்த மொழியில் பேச ஆள் கிடைக்கும் என்பதாலும், டிவியில் அவர்கள் ஊர் கால்பந்து ஓடுவதாலும் இருக்கலாம். அவர்கள் மேசையில் என்ன இருக்கிறது என்பதுதான் துப்பு. மெனுவில் இல்லாத ஒன்று அங்கே இருந்தால் தயங்காமல் கேளுங்கள். இணையத்து நட்சத்திரங்களையும் நான் முழுசாக நம்புவதில்லை. அதில் நிறைய பேர் மதிப்பெண் போடுவது பரிமாறியவரின் புன்னகைக்கும் பார்க்கிங் வசதிக்கும்தான். மதிப்புரைகளில் ஒரே ஒரு பதார்த்தத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் குறித்துக்கொள்வேன்.

காரம் குறைந்திருக்கிறது, இனிப்பு கூடியிருக்கிறது என்ற உங்கள் குறை பெரும்பாலும் நியாயம்தான். சமையல்காரரின் பக்கத்திலிருந்து பாருங்கள்: காரம் போதவில்லை என்று தட்டைத் திருப்பி அனுப்புகிறவரைவிட, காரம் தாங்கவில்லை என்று அனுப்புகிறவர்தான் அதிகம். திரும்பி வரும் ஒவ்வொரு தட்டும் நேரான நஷ்டம். தாய் சமையலறை ஒன்றில் நான் இருந்தபோது, மதியக் கூட்டம் ஓய்ந்ததும் ஆட்கள் தங்களுக்கென்று பப்பாளிக்காய் சாலட் இடிப்பார்கள். அதில் புளித்த மீன் சாறு, கை நிறைய மிளகாய். வாசனை கூடத்துக்குப் போகாதபடி கதவைச் சாத்திவிடுவார்கள். வாடிக்கையாளருக்குப் போவது வேர்க்கடலையும் சர்க்கரையும் தூக்கலாக இருக்கும் வகை. இரண்டுமே தாய்லாந்தில் உள்ள வகைகள்தான், எதை யாருக்குத் தருவது என்ற முடிவு மட்டும்தான் கடையுடையது. அதனால் 'நல்ல காரமாகக் கொடுங்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். மேலே காய்ந்த மிளகாய்ப்பொடியைத் தூவிக் கொண்டுவருவார்கள். மீன் சாற்றில் மிளகாய் ஊறப்போட்ட சாஸ், மிளகாய் போட்ட வினிகர், மிளகாய்ப்பொடி, சர்க்கரை நான்கையும் மேசைக்குக் கேளுங்கள். தாய்லாந்து நூடுல்ஸ் கடைகளில் அவை மேசையிலேயே இருக்கும், சாப்பிடுகிறவரே கலந்துகொள்வது அங்கே வழக்கம். இப்படிக் கேட்கிற ஆளை அடுத்த முறை சமையலறைக்கே அடையாளம் தெரியும். இரண்டாம், மூன்றாம் முறை போகும்போது தட்டு மாறி வருவதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன உணவகத்தில் விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொருளுக்கும், இன்னொரு மூன்றில் ஒரு பங்கு கூலிக்கும் போகும். இரண்டும் சேர்ந்து 65 விழுக்காட்டைத் தாண்டினால் வாடகை கொடுத்த பிறகு மிஞ்சுவதற்கு ஒன்றுமிருக்காது என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செயலிகள் 30 விழுக்காடு வரை கமிஷன் எடுக்கும்போது இந்தக் கணக்கு இன்னும் இறுகும். உங்களுக்குப் பிடித்த கடை என்றால் நேரில் போய் வாங்குங்கள். அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் சூடாகக் கிடைக்கும். பொட்டலத்துக்குள் ஆவி பட்டால் வறுத்த எதுவும் நமத்துப்போகும், நூடுல்ஸ் களியாகும். தேங்காய்ப்பால் கறிகள்தான் பயணம் தாங்கும். ஃபோவை வாங்கினால் சூப்பைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். புதிய உணவகங்களில் பத்தில் ஒன்பது முதல் வருடமே மூடிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது கட்டுக்கதை. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்தில் செய்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் முதல் வருடம் மூடியவை சுமார் 26 விழுக்காடு, மூன்று வருடத்துக்குள் ஏறக்குறைய 60. அது ஒரு நகரத்துக் கணக்கு, எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தெருவில் பத்து வருடமாக ஒரு கடை நிற்கிறது என்றால், அது எதையோ சரியாகச் செய்கிறது என்பதற்கு நட்சத்திரத்தைவிடப் பெரிய சாட்சி அதுதான்.

இதில் எனக்குத் தீராத ஒரு எரிச்சலும் உண்டு. அதே உழைப்பு, அதே அளவு பொருள் போட்ட ஜப்பானிய, இத்தாலியச் சாப்பாட்டுக்கு வாய் பேசாமல் காசு கொடுப்பவர்கள், சீன, வியட்நாம், மெக்சிகன் கடையில் விலை ஏறினால் முணுமுணுக்கிறார்கள். அந்த முணுமுணுப்பின் விளைவு நேராகத் தட்டில் தெரியும்: விலையை ஏற்ற முடியாத கடைக்காரர் இறைச்சியின் தரத்தில் கைவைப்பார், இல்லாவிட்டால் சூப்புக்கு எலும்பைக் குறைத்துப் பொடியைக் கூட்டுவார்.

பொடி என்றதும் அஜினமோட்டோ, அதாவது சுவை கூட்டும் மோனோசோடியம் குளுட்டமேட் பற்றிய பயம் நினைவுக்கு வரும். 1908-ல் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகேதா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தது. 1968-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கடிதம் ஒன்றிலிருந்து 'சீன உணவக நோய்' என்ற பெயரே கிளம்பியது. அதற்குப் பிறகு, யாருக்கு எதைக் கொடுத்தோம் என்று சொல்லாமல் செய்த சோதனைகளில், சாதாரணமாகச் சாப்பிடும் அளவில் அது தலைவலி தருகிறது என்பது நிலையாக நிரூபணமாகவில்லை. தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் வாதாட மாட்டேன். ஆனால் அதை வைத்து ஒரு கடையை மட்டம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. நான் பயப்படுவது வெந்த சோற்றைப் பார்த்துத்தான். அறைவெப்பத்தில் மணிக்கணக்காகக் கிடந்தால் அதில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வறுத்த சோற்றுக்குப் பழைய சோறுதான் நல்லது, ஆனால் வெந்ததும் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்த பழைய சோறாக இருக்கவேண்டும். சாப்பிடுகிறவருக்கு இது தெரிய வழியில்லை. ஆள் நடமாட்டம் உள்ள கடை, சுத்தமான கழிப்பறை, நகரம் சுகாதார மதிப்பெண் ஒட்டச் சொல்லும் இடமென்றால் அந்த ஒட்டுத்தாள், இவைதான் கைக்கு எட்டும் தடயங்கள். சுஷியில் வைக்கும் பச்சை மீனுக்கு, ஒட்டுண்ணிகளைக் கொல்ல −20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறையவைப்பது அமெரிக்கா சொல்லும் முறைகளில் ஒன்று. ஆகவே 'உறையவைக்காத புது மீன்' என்று பெருமையடிக்கும் மலிவுக் கடையைவிட உறையவைத்ததைச் சொல்லித் தரும் கடை மேல்.

கடைசியாக, கேள்வியின் ஓரத்தில் சைவம் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிடைக்கும், ஆனால் மெனுவில் உள்ள பச்சை இலைக் குறியை மட்டும் நம்பாதீர்கள். இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாய் கறி விழுதில் இறால் விழுது இருப்பது வழக்கம். காய்கறிக் கறி என்று கேட்டாலும் அதே விழுதுதான் போகும், அதற்குமேல் மீன் சாறும் போகும். சீனக் கடையில் கீரைமேல் ஊற்றுவது பெரும்பாலும் சிப்பியிலிருந்து செய்யும் ஆயிஸ்டர் சாஸ். ஜப்பானிய மிசோ சூப்பின் அடிநீரில் பெரும்பாலும் காய்ந்த மீன். புளித்த கோஸில் செய்யும் கொரியக் கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும். மெக்சிகன் கடையில் மசித்த பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவது பழைய முறை. அசல் இத்தாலியப் பார்மிசான் சீஸில், பாலைத் திரியவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரெனட் உண்டு. 'இது சைவமா' என்று கேட்டால் 'ஆமாம், இறைச்சி இல்லை' என்று மனசாட்சியோடுதான் பதில் வரும். அதனால் மீன் சாறு போடுகிறீர்களா, இறால் விழுது இருக்கிறதா, எந்தக் கொழுப்பில் வதக்குகிறீர்கள் என்று பொருளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வேர்க்கடலை போல ஒவ்வாமை இருந்தால் பரிமாறுகிறவரிடம் சொல்வதோடு நிற்காமல் சீட்டில் எழுதி உள்ளே அனுப்பச் சொல்லுங்கள். ஒரே வோக்கைத் தட்டுக்குத் தட்டு தண்ணீர் விட்டுத் துடைப்பதுதான் வழக்கம், சோப்புப் போட்டுக் கழுவுவதில்லை. சைவத்துக்கு நான் முதலில் கைகாட்டுவது எத்தியோப்பியக் கடை. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி விரதங்களில் இறைச்சியோ பாலோ முட்டையோ தொடுவதில்லை. அதனால் பருப்பு, கோஸ், கீரை வகைகள் ஒப்புக்குச் செய்த மாற்றாக இல்லாமல் முழுச் சமையலாகவே இருக்கும். விரதத் தட்டு என்று கேட்டு வாங்குங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவராக இருந்தால் மட்டும், இன்ஜெராவில் என்ன மாவு என்பதை உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். முழு டெஃப் இன்ஜெரா சில கடைகளில் முன்கூட்டியே சொன்னால்தான் கிடைக்கும், சிலர் அதற்குத் தனிக் காசும் வாங்குவார்கள்.